மொட்டை மாடியில் ரூம் எடுக்க அனுமதி வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு 1994-இல் மாமனார் கட்டியது. தரைக்கு டைல்ஸ் போட்டு, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு, மொட்டை மாடியில் மகனுக்கு ஒரு ரூமும் எடுக்கலாம் என்றிருக்கிறோம். சொந்த வீட்டில் வேலை பார்க்க யாரைக் கேட்க வேண்டும் என்கிறார் மேஸ்திரி. சரிதானா? – வாசகி, திருச்சி.

பதில்: டைல்ஸ், பெயின்ட், பூச்சு வேலைக்கு அவர் சொல்வது சரிதான் அம்மா. மாடி ரூமுக்குச் சரியில்லை. கட்டடப் பரப்பு கூடினாலே மாநகராட்சியில் வரைபட அனுமதி வாங்கியாக வேண்டும், அது ஒரே ஒரு ரூமாக இருந்தாலும்.

சுவர் விஷயத்தில்தான் எனக்குப் பயம். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் தூண் கிடையாது, 9 அங்குலச் செங்கல் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்கி நிற்கும். நடுச்சுவர் 4½ அங்குலத் தடுப்பாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும், மேலே ஒரு ரூமின் பாரத்தை அஸ்திவாரம் தாங்குமா என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

2024-இல் சுயசான்று முறை வந்துவிட்டதே, இனி அனுமதியே வேண்டாமாமே என்று பலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்கள் ஆன்லைனில் ஆவணங்களை ஏற்றி, கட்டணம் கட்டி உடனே அனுமதி பெறலாம், அவ்வளவுதான். விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும்.

முதலில் பீரோவைத் திறந்து மாமனார் வாங்கிய பழைய வரைபடத்தைத் தேடுங்கள். பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது எல்லாம் கையில் இருந்தும் அந்தத் தாள் இல்லாமல் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் மாநகராட்சியில் நகல் கேளுங்கள். அனுமதி இல்லாமல் கட்டினால் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து சீல் வைக்கலாம், இடிக்கவும் சொல்லலாம். அதெல்லாம் நடக்காவிட்டாலும் பின்னால் வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வங்கி அந்த ரூமுக்கு அனுமதி எங்கே என்று கேட்கும்.

அனுமதி கைக்கு வரும்வரை மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அப்புறம், டைல்ஸைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், மேலே மணலும் ஜல்லியும் ஏற்றுவதற்குள் கீழே புதுத் தரை பாழாகிவிடும்.