சுங்கை சிப்புட்டிலிருந்து அண்ணன் மகளின் ஹாக்கி ஆட்டம் பார்க்க

அமெரிக்கக் கல்லூரியில் ஆடும் அண்ணன் மகளின் ஆட்டத்தை மலேசியாவில் இருந்து பார்க்க, அமெரிக்க விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனமான ஈஎஸ்பிஎன்னின் சந்தாவைத் திறந்தால் 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு உங்கள் தோட்டத்து இணைய லைனில் இல்லை. அப்படி வருவது ஒளிபரப்பு உரிமையால். ஈஎஸ்பிஎன்னின் அந்தச் சந்தா அமெரிக்காவுக்குள் பார்ப்பதற்குத்தான். வைஃபையை மாற்றினாலும் திறக்காது.

கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் ஆட்ட அட்டவணைக்குப் போங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு வீடியோ குறி இருக்கிறதா பாருங்கள்; தட்டினால் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். மூன்றாம் டிவிஷன் (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் கடைசிப் பிரிவு) கல்லூரிகள் பல, தங்கள் தளத்திலேயே இலவசமாக நேரலை விடுகின்றன. பிள்ளை அங்கே ஆடினால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. மறுபடி ஈஎஸ்பிஎன்னுக்கே போனால் அந்த வழி அடைபட்டது.

பணம் கேட்டால், வெளிநாட்டில் ஓடுமா என்று கல்லூரிக்கு எழுதிக் கேட்காமல் கட்டவே கட்டாதீர்கள்.

அப்புறம் நேரம்: அங்கே கிழக்குக் கரையில் சனி இரவு 7 மணி, நமக்கு ஞாயிறு காலை 7. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் காலை 8.