‘தி சூசைட் ஸ்குவாட்’ (2021) படத்தில் இத்தனை ரத்தம் எதற்கு? அதைப் போய் ஏன் சிலர் கொண்டாடுகிறார்கள்?

கேள்வி கேட்டவர் அரை மணி நேரத்திலேயே டிவியை அணைத்துவிட்டதாகச் சொல்கிறார். தலை வெடிக்கிறது, சுறா மீன் ஆளை இரண்டாகக் கிழிக்கிறது, இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் மாமாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கதை முழுவதையும் சொல்லப்போகிறேன். இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

மாமா 22 வருடம் சினிமாவில் ஃபைட்டராக இருந்தவர். வீடு சாலிகிராமத்தில். ஹீரோ அடித்தால் பறந்துபோய் விழுவதுதான் அவர் வேலை. சில நாள் ரோப் கட்டி இழுப்பார்கள், சில நாள் மாடியிலிருந்து அட்டைப் பெட்டிகள் மேல் குதிக்கச் சொல்வார்கள். சின்ன வயதில் நானும் தங்கையும் தியேட்டருக்குப் போனால் சண்டைக் காட்சியில் ஹீரோவைப் பார்க்க மாட்டோம். கும்பலுக்குள் மாமா எங்கே என்று தேடுவோம். அதோ, மஞ்சள் சட்டை, காய்கறி வண்டி மேல் விழுந்தாரே, அவர்தான். ஒரு நொடி, மிஞ்சிப் போனால் இரண்டு நொடி. அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள், எதுவும் யாருக்கும் தெரியாது. அவன் அடியாள்.

‘தி சூசைட் ஸ்குவாட்’ எனக்கு ஒரு அடியாள் படம். நம் ஊரில் நம்பியாருக்கும் ரகுவரனுக்கும் கைதட்டியவர்கள்தான் நாம். வில்லனை ரசிப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் வில்லனுக்குப் பின்னால் கட்டையோடு நிற்கிற நாற்பது பேர் பக்கம் கேமரா அதிகம் திரும்பியதில்லை. இந்தப் படம் திரும்புகிறது.

கதை இதுதான். அமெரிக்காவில், லூசியானாவில், பெல் ரீவ் என்று ஒரு சிறை. அமாண்டா வாலர் என்கிற அரசு அதிகாரி (வயோலா டேவிஸ்) அங்கிருக்கும் கைதிகளை, அதாவது காமிக்ஸ் கதைகளின் வில்லன்களை, ரகசிய வேலைகளுக்கு அனுப்புகிறார். உயிரோடு திரும்பினால் தண்டனையில் 10 வருடம் கழியும். பாதியில் ஓடப் பார்த்தால், தலைக்குள் வைத்த வெடியைப் பொத்தானை அழுத்தி வெடிக்க வைப்பார்கள். இந்த முறை போக வேண்டியது கோர்ட்டோ மால்டீஸ் என்ற கற்பனைத் தீவு நாட்டுக்கு. அங்கே ஒரு பழைய ஆய்வுக்கூடத்தைத் தரைமட்டமாக்க வேண்டும். கிளம்புவதற்கு முன், யார் யார் சாவார்கள் என்று கண்ட்ரோல் ரூம் ஊழியர்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடியாளுக்கு என்ன மரியாதை என்பதற்கு இதைவிட வேறு காட்சி வேண்டாம்.

கடற்கரையில் இறங்கும் முதல் குழுவில் பெரிய நடிகர்கள் எல்லாம் இருக்கிறார்கள். சில நிமிடத்தில் அநேகமாக எல்லோரும் காலி. வீசல் என்ற கீரி மாதிரியான ஒரு பிராணிக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீரில் இறக்கியதும் மூழ்கிவிடுகிறது. பயந்து திரும்பி ஓடுகிறவனின் தலையை வாலர் ஆபீசில் இருந்தபடியே வெடிக்க வைக்கிறார். இத்தனை பேரையும் அனுப்பியது ராணுவத்தின் கவனத்தைத் திருப்ப மட்டும்தான். உண்மையான குழு வேறு பக்கமாகச் சத்தமில்லாமல் இறங்குகிறது.

2021 ஆகஸ்டில், இரண்டாவது அலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் தியேட்டர்கள் 50 சதவீத இருக்கைகளோடு திறந்த நேரத்தில் இதைப் பார்த்தேன். பக்கத்து இருக்கை காலி, அதற்கடுத்த இருக்கையில் ஒரு கல்லூரிப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் தொண்டையில் சிக்கியது. எங்கே என்று சொல்கிறேன்.

ரிக் ஃபிளாக் என்ற அதிகாரி காட்டுக்குள் எதிரிகளிடம் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வருகிறது. அந்த உண்மையான குழுவில் இருக்கும் பிளட்ஸ்போர்ட் (இட்ரிஸ் எல்பா), பீஸ்மேக்கர் (ஜான் சீனா) இருவரும் அந்த முகாமுக்குள் புகுந்து, யார் அழகாகக் கொல்கிறார்கள் என்று போட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகத் தீர்க்கிறார்கள். தூங்கிக்கொண்டிருப்பவன், சமைத்துக்கொண்டிருப்பவன், எவனையும் விடவில்லை. ஒவ்வொரு சாவும் ஒரு நகைச்சுவை மாதிரி எடுக்கப்பட்டிருக்கும். கடைசிக் கூடாரத்தைத் திறந்தால் ஃபிளாக் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். வெளியே செத்துக் கிடப்பவர்கள் அவரைக் காப்பாற்றியவர்கள், சர்வாதிகாரத்தை எதிர்த்துப் போராடுகிறவர்கள். இவ்வளவு நேரம் நாம் சிரித்தது அவர்கள் செத்ததற்கு.

இத்தனை ரத்தம் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இந்தக் காட்சி. நம் படங்கள் பலவற்றில் அரிவாள் வீச்சுக்கு ஐம்பது பேர் விழுவார்கள், ஒரு சொட்டு ரத்தம்கூடச் சரியாகத் தெரியாது, குடும்பத்தோடு பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்போம். அதுதான் எனக்கு அதிக பயம் தருகிறது. இயக்குநர் ஜேம்ஸ் கன் ரத்தத்தைக் காட்டி, சிரிக்கவும் வைத்துவிட்டு, பிறகு அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக்கொள்கிறார்.

இதே காட்சியில்தான் எனக்குப் படத்தோடு சண்டையும் இருக்கிறது. அந்தப் போராளிகளின் தலைவி சோல் சோரியா ஓரிரு நிமிடத்தில் கோபத்தை விழுங்கிக்கொண்டு உதவச் சம்மதித்துவிடுகிறாள். செத்தவர்களில் ஒருவருக்காவது ஒரு பெயர், ஒரு அழுகை கொடுத்திருக்கலாம். அடியாள்களைப் பற்றிப் படம் எடுத்தவருக்கும் அந்தத் தீவுக்காரர்கள் அடியாள்களாகவே தெரிந்துவிட்டார்கள். இதை நான் மன்னிக்கவில்லை. நடுவில் வரும் மது விடுதிக் காட்சியும் நீளம்.

சரி, எனக்குப் பிடித்த இடங்களுக்கு வருகிறேன். எலிகளைக் கூப்பிட்டால் வரவைக்கும் ஒரு பெண், ராட்கேட்சர் 2. பெயர் கிளியோ, போர்ச்சுகல்காரி, எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பாள். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் அவள் அப்பா. தெருவில் வாழ்ந்து, போதைப் பழக்கத்தில் செத்துப்போனவர். ஏன் அப்பா எலிகள் என்று சின்ன வயதில் அவள் கேட்கிறாள். எல்லோரும் அருவருக்கிற கடைசி உயிர் எலிதான், அதற்கே இந்த உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்றால் நமக்கும் இருக்கும் என்கிற மாதிரி அவர் சொல்கிறார். செங்கல்பட்டுப் பக்கம் இருளர்கள் வயலில் எலிவளை தோண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாத்திரம் வேறு மாதிரிப் புரியும். எலி பிடிக்கிறவர்களை ஊர் எந்த இடத்தில் நிறுத்தி வைக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பெயரையே பட்டமாக வைத்துக்கொண்டு, அப்பாவின் பெயருக்குப் பின்னால் 2 என்று போட்டுக்கொண்டு நிற்கிறாள் இந்தப் பெண்.

அப்புறம் போல்கா டாட் மேன். 1962ல் பேட்மேன் காமிக்ஸில் வந்த, யாரும் மதிக்காத ஒரு வில்லன். உடம்பெல்லாம் கலர் கலராகப் புள்ளி. படத்தில் அவனுக்கு ஒரு கதை இருக்கிறது. பிள்ளைகளை சூப்பர் ஹீரோ ஆக்குகிறேன் என்று அம்மாவே அவன் உடம்பில் ஒரு கிருமியை ஏற்றிவிடுகிறாள். தினமும் இரண்டு முறை அந்தப் புள்ளிகளை வெளியே எறியாவிட்டால் செத்துப்போவான். பார்க்கிற எல்லோரும் அவனுக்கு அம்மாவாகவே தெரிகிறார்கள். கடைசிச் சண்டையில் ஒரே ஒரு நொடி, நான் சூப்பர் ஹீரோ என்று சந்தோஷமாகக் கத்துகிறான். அடுத்த நொடி நசுங்கிப் போகிறான். ஒரு அடியாளுக்கு ஃபிரேமில் கிடைத்த ஒரு நொடி அது.

போன பொங்கல் விடுமுறையில் மாமா வீட்டில் அவரோடு உட்கார்ந்து இரண்டாவது முறை பார்த்தேன். முழங்கால் போனதிலிருந்து மாமா ஷூட்டிங் போவதில்லை. ஒரு ரோப் ஷாட்டில் கணக்குத் தவறி, தரையில் முழங்கால் முதலில் இறங்கியது. அன்றைய பேட்டாவோடு ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார்.

கடற்கரைக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தச் சொன்னார்.

“மாப்ள, கொஞ்சம் பின்னாடி போ.”

“ஏன் மாமா, புரியலையா?”

“புரிஞ்சுது. அந்த யூனிஃபார்ம் போட்ட பசங்க விழறத பாக்கணும்.”

முன்னால் வில்லன்கள் செத்துக்கொண்டிருக்க, மாமா பின்னால் குண்டடிபட்டு விழும் சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் தோள்பட்டையில் இறங்குகிறான், இவன் மணலில் உருண்டு வேகத்தைக் குறைக்கிறான், இவன் புதுசு, கையை ஊன்றுகிறான் பார், மணிக்கட்டு போயிருக்கும் என்று ஒவ்வொருவராகக் காட்டினார். முதல் குழுவில் உயிர் தப்பிய ஹார்லி குவின் (மார்கோ ராபி) கைகள் கட்டப்பட்டுத் தொங்கியபடி கால் விரல்களால் சாவியை எடுத்துப் பூட்டைத் திறக்கும் இடம் வந்தது. அதை அந்த நடிகையே செய்தார், கிராஃபிக்ஸ் இல்லை என்றேன். “டூப் இல்லாமயா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கிங் ஷார்க் என்ற சுறாவுக்குக் குரல் சில்வஸ்டர் ஸ்டலோன், ஷூட்டிங்கில் சுறாவின் இடத்தில் நின்று நடித்தவர் ஸ்டீவ் ஏஜி என்று சொன்னதும், ஸ்டலோனை விட்டுவிட்டு ஏஜியைப் பற்றித்தான் கேட்டார். அவர் முகம் எங்காவது வருமா என்றார். வரும், வாலரின் ஆபீசில் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான் என்று காட்டினேன். மாமாவுக்கு அதில் பெரிய திருப்தி.

இன்னொரு விஷயமும் அவரிடம் சொன்னேன். இந்தக் குழு 1959லேயே காமிக்ஸில் வந்தது. ஆனால் கைதிகளை வேலைக்கு அனுப்பும் இன்றைய வடிவத்தை 1987ல் கொடுத்தவர் ஜான் ஆஸ்ட்ரான்டர் என்ற எழுத்தாளர். படத்தின் ஆரம்பத்தில் கைதிக்குள் அந்த வெடியை ஊசியால் ஏற்றுகிற டாக்டராக வருவது அவரேதான்.

ஆய்வுக்கூடத்துக்குள் இருப்பது ஸ்டாரோ, விண்வெளியிலிருந்து அமெரிக்கர்கள் பிடித்துவந்த ஒரு ராட்சச நட்சத்திர மீன். முப்பது வருடமாக அந்த நாட்டின் அரசியல் கைதிகளை அதற்குக் கொடுத்துச் சோதனை நடந்திருக்கிறது. பின்னால் இருந்தது அமெரிக்க அரசு. உண்மையை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று ஃபிளாக் நிற்க, மறைப்பதற்கென்றே வாலர் அனுப்பிய பீஸ்மேக்கர் அவரைக் கொல்கிறான். படத்தில் நகைச்சுவை கலக்காத சாவு இதுதான் என்று நினைக்கிறேன். உடைந்த ஓடு நெஞ்சில் இறங்குவதை உள்ளேயிருந்தே காட்டுகிறார்கள். முதல் முறை கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு ஸ்டாரோ ஊருக்குள் இறங்குகிறது. வேலை முடிந்தது, ஊர் எக்கேடோ கெடட்டும், திரும்பி வாருங்கள் என்கிறார் வாலர். இவர்கள் திரும்பவில்லை. ஊரை நோக்கி நடக்கிறார்கள். வாலர் பொத்தானை அழுத்தப் போகும்போது, ஆரம்பத்தில் பந்தயம் கட்டிய அதே ஆபீசில் ஒரு பெண் ஊழியர் கோல்ஃப் மட்டையால் அவர் தலையில் ஒன்று வைக்கிறார். மாமா கைதட்டினார். ஹார்லி ஸ்டாரோவின் கண்ணைக் குத்திக் கிழிக்க, ஊரின் சாக்கடையிலிருந்தெல்லாம் எலிகள் கிளம்பி வந்து அந்த ஓட்டை வழியாக உள்ளே போய் முடித்துவைக்கின்றன. சாகும்போது ஸ்டாரோ, விண்மீன்களைப் பார்த்தபடி மிதந்துகொண்டு சந்தோஷமாக இருந்தேன் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறது. அதையும் யாரோ பிடித்து வந்துதான் அடியாள் ஆக்கியிருக்கிறார்கள்.

வசூலில் படம் தோற்றது. 18.5 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க 17 கோடியைக்கூடத் தொடவில்லை. தொற்றுக்காலம், அதோடு அமெரிக்காவில் அதே நாள் ஓடிடியிலும் வெளியிட்டார்கள். 2016ல் ‘தி’ இல்லாமல் இதே பெயரில் வந்த முந்தைய படம், எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத அந்தப் படம், 74 கோடிக்கு மேல் சம்பாதித்தது.

நீங்கள் அணைத்த இடத்திலிருந்து திரும்பப் பார்ப்பதாக இருந்தால், பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடாதீர்கள். நான் ரிமோட்டை எடுத்தபோது மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். காலையில் கடற்கரை. மூழ்கிச் செத்துப்போன வீசல் மணலில் கிடக்கிறது. திடீரென்று தண்ணீரைக் கக்கிவிட்டு எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் ஓடுகிறது.

மாமா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “கட் சொல்லிட்டாங்க மாப்ள, எழுந்துட்டான்” என்றார். அதற்குப் பிறகு ஸ்டண்ட் ஆட்களின் பெயர்கள் வரிசையாக ஓடின. ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது என்பதால், டிவியை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றாக என்னை வாசிக்கச் சொன்னார்.