விசாரணைக் கைதியின் ஓட்டு – கடிதம்

வணக்கம்.

சிறையில் இருப்பவர்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். கோபம்தான் வந்தது. என் சித்தப்பாவைக் கொன்றவன் இன்று தண்டனைக் கைதி. அவனும் நானும் ஒரே மாதிரி ஓட்டுப் போட வேண்டுமா? உள்ளே ரவுடி கைகாட்டும் ஆளுக்குத்தானே எல்லா ஓட்டும் விழும்? உச்ச நீதிமன்றமே கூடாது என்று சொன்ன பிறகு இதில் பேச என்ன இருக்கிறது?

எஸ்.கே.
திருச்சி

அன்புள்ள எஸ்.கே.,

உங்கள் சித்தப்பாவின் சாவுக்கு எந்த வாதமும் ஈடாகாது. அவரைக் கொன்றவருக்குக் கொடுத்த தண்டனையில் ஒரு நாள்கூடக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இந்தத் தடை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5)-இன்படி சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. தண்டனை பெற்றவரா, விசாரணைக்குக் காத்திருப்பவரா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர். அந்த வழக்குகளில் அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லவில்லை. ஜாமீன் உத்தரவு வந்த பிறகும், ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்களும் இதில் அடக்கம்.

ஒரே வழக்கில் இரண்டு பேர் கைதாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நல்ல வக்கீல், வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட சொந்தக்காரர்கள். அவர் ஜாமீனில் வந்து ஓட்டுப் போட்டுவிடுவார். கூலிவேலை செய்கிற இன்னொருவர் உள்ளே இருப்பார், அவருக்கு ஓட்டு இல்லை. தண்டனை பெற்றுவிட்டு, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது ஜாமீனில் வெளியே இருப்பவர்கூட ஓட்டுப் போடலாம். ஓட்டுப்பதிவு அன்று ஆள் உள்ளேயா வெளியேயா என்பதுதான் கணக்கு. இதைத் தண்டனை என்று எப்படிச் சொல்வது? எந்தத் தீர்ப்பிலும் இத்தனை வருடம், இவ்வளவு அபராதம் என்று இருக்கும். ஓட்டுரிமை பறிக்கப்படுகிறது என்று நீதிபதி எழுதுவதில்லை.

இன்னொன்று. தடுப்புக் காவலில், அதாவது இனிமேல் குற்றம் செய்துவிடக்கூடும் என்று முன்கூட்டியே அடைத்து வைக்கப்பட்டு இருப்பவர்களுக்கு, இதே 62(5) பிரிவே விலக்கு அளிக்கிறது. அவர்கள் தபால் ஓட்டுப் போடலாம். நம் ஊர்க் குண்டர் சட்டமும் தடுப்புக் காவல் சட்டம்தான். ஆக, குண்டர் சட்டத்தில் மட்டும் அடைக்கப்பட்டவருக்கு ஓட்டு உண்டு, செல்போன் திருடினார் என்ற புகாரில் ரிமாண்டில் இருப்பவருக்குக் கிடையாது. முன்னவருக்கு இருப்பது சரிதான். பின்னவருக்கு ஏன் இல்லை?

நீங்கள் சொல்லும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1997-இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் வந்தது. கைதிகளை ஓட்டுப் போட வைக்கப் போலீசும் ஏற்பாடும் போதாது என்பது அதில் ஒரு முக்கியக் காரணம். அப்போது அது நிஜமான சிரமமாக இருந்திருக்கலாம். ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது தாண்டியவர்களின் வீட்டுக்கே அதிகாரிகள் ஓட்டுச்சீட்டோடு போனார்கள். அப்படிப் போக முடிகிற தேர்தல் ஆணையத்துக்கு, ஆயிரக்கணக்கானோர் ஒரே வளாகத்தில் இருக்கும் புழல் சிறைக்குப் போவது கஷ்டமா?

ரவுடி பயம் நியாயமானதுதான். வெளியிலும் அந்தப் பயம் உண்டு. அங்கே துணை ராணுவத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறோமே தவிர, ஊர்க்காரர்களின் ஓட்டைப் பறிப்பதில்லை. அதுவும் தபால் ஓட்டு என்றால் அவரவர் சொந்தத் தொகுதிக்குப் போய்விடும். புழலில் இருக்கும் தென்காசிக்காரரின் ஓட்டு தென்காசியில்தான் எண்ணப்படும்.

2013-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓட்டுப் போட முடியாதவர் தேர்தலில் நிற்கவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, சிறையிலிருந்தபடி போட்டியிட வழிசெய்துகொண்டது. 2024-இல் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த இன்ஜினியர் ரஷீத், காஷ்மீரின் பாரமுல்லாவில் ஓமர் அப்துல்லாவைத் தோற்கடித்து எம்.பி. ஆனார். வேட்பாளருக்காக அவ்வளவு வேகமாகத் திருந்திய சட்டம், வாக்காளர் விஷயத்தில் மட்டும் அப்படியே கிடக்கிறது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

சரி, உங்கள் கேள்வியின் கடினமான பகுதிக்கு வருகிறேன். தண்டனைக் கைதிக்கும் ஓட்டு வேண்டுமா? வேண்டும் என்றே நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 1999-இல் அரசியல் சாசன நீதிமன்றம் கைதிகளும் ஓட்டுப் போட ஏற்பாடு செய்யும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆல்பி சாக்ஸ். நிறவெறி அரசுக்கு எதிராகப் போராடியவர். 1988-இல் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் அவருடைய காரில் வைத்த குண்டில் ஒரு கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவர். வன்முறை ஒரு மனிதரின் உடம்பை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்தான் எழுதினார், ஒவ்வொரு குடிமகனின் ஓட்டும் அவருடைய கண்ணியத்தின் அடையாளம் என்று. உங்கள் வலிக்கு இதை மருந்தாகச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் இப்படியும் யோசித்திருக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன். ஆனால் விசாரணைக் கைதிகளுக்காகவாவது சேர்ந்து கேளுங்கள். அரசியல் சாசனத்தில் கைவைக்க வேண்டியதில்லை. தடுப்புக் காவலுக்குக் கொடுத்திருக்கும் அதே விலக்கை அவர்களுக்கும் நீட்டினால் போதும். நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையே போதுமானது.