வியட்நாமில் செத்தவர்களும் வீட்டில் இருந்தவர்களும்: கேள்வி பதில்

வியட்நாம் போர் நடந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பொதுமக்கள் தங்கள் சிப்பாய்களின் சாவை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் அரசியல் அறிவியல் பாடம் நடத்தியவன், ராணுவத்தில் இருந்தவன் இல்லை. ஆயுதம், வியூகம் பற்றிக் கேட்டால் பதில் வராது. இன்னொன்று, யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் யாரையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இதை இன்று பல தடவை சொல்வேன்.

நெல்லை மாணவன்: சார், சாவு எண்ணிக்கை ஏற ஏறப் போருக்கு எதிர்ப்பும் ஏறியது, அவ்வளவுதானே?

ஏறியது உண்மை, ஆனால் ஒரே சீராக ஏறவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்ற கேள்வியை, கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் போர்க்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டது. தவறு என்றவர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம், 1967 அக்டோபரில் 47, 1968 ஆகஸ்டில் 53, 1971 மே மாதத்தில் 61.

இதற்குப் பக்கத்தில் சாவுக் கணக்கை வைத்துப் பாருங்கள். 1967 முடியும்போது இறந்திருந்த அமெரிக்கப் படையினர் சுமார் 20 ஆயிரம் பேர். அதற்குள்ளேயே எதிர்ப்பு 23 புள்ளி ஏறிவிட்டது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் இன்னும் ஏறத்தாழ 35 ஆயிரம் பேர் இறந்தார்கள். எதிர்ப்பு ஏறியது 14 புள்ளிதான்.

ஜான் மியூலர் என்ற அரசியல் அறிஞர் 1970களின் தொடக்கத்தில் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார். படை இழப்பு, அதாவது இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து, 10 மடங்கானால் ஆதரவு சுமார் 15 புள்ளி இறங்கும். 100 பேர் 1,000 ஆகும்போது 15 புள்ளி. 1,000 பேர் 10,000 ஆகும்போதும் அதே 15தான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் முதல் சாவுகளிலேயே மனம் மாறிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் எத்தனை சவப்பெட்டி வந்தாலும் அசையாதவர்கள். 1969இல் நிக்சன் அதிபராகப் பதவியேற்ற பிறகு மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருத்துக்கணிப்புக் கோட்டில் அவர்களைத் தேடிப் பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. படித்ததிலேயே எனக்குக் கசப்பான இடம் இதுதான்.

வரலாற்றுப் பித்தன்: மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

அமெரிக்கப் படையினர் 58 ஆயிரத்துக்கும் மேல். தனி நூலே எழுதும் அளவுக்கு விவரங்கள் கிடைக்கின்றன, தேடிப் படியுங்கள்.

ஊட்டிக்காரர்: போரைத் தோற்கடித்தது டிவிதானே ஐயா? வீட்டு ஹாலில் பிணத்தைக் காட்டினால் எந்தத் தாய் பொறுப்பாள்?

எல்லோரும் சொல்லும் கதை இது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 1950 முதல் 53 வரை நடந்த கொரியப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது டிவி பரவவே தொடங்கியிருந்தது, போர்க்களக் காட்சிகள் ராத்திரிச் செய்தியில் ஓடவில்லை. அப்படியும் படை இழப்போடு ஆதரவு இறங்கிய விதம் இரண்டு போரிலும் ஒன்றுபோலவே இருந்தது என்று மியூலர் காட்டினார். 1968இல் வியட்நாமியப் புத்தாண்டு சமயத்தில் எதிர்த்தரப்பு தென் வியட்நாம் நகரங்கள் மேல் நடத்திய டெட் தாக்குதலுக்கு முன்பு வரை வியட்நாம் பற்றிய டிவி செய்திகள் பெரும்பாலும் அரசாங்கத்துக்குச் சாதகமாகவே இருந்தன, ரத்தம் காட்டியது குறைவு என்று டேனியல் ஹாலின் பழைய ஒளிபரப்புகளை அலசிச் சொல்லியிருக்கிறார்.

மதுரை வாசகி: சாவுச் செய்தி வீட்டுக்கு எப்படிப் போகும்?

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. 1965 நவம்பரில் இயா ட்ராங் பள்ளத்தாக்கில் பெரிய சண்டை நடந்தது. அங்கே போன சிப்பாய்கள் பலரின் குடும்பங்கள் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில், ராணுவ முகாமை ஒட்டி இருந்தன. இத்தனை சாவுக்கு ராணுவம் தயாராக இல்லை. தந்திகளை டாக்சி டிரைவர்கள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். டாக்சி தெருவுக்குள் நுழைந்தாலே வீட்டுக்கு வீடு பெண்களுக்கு வயிறு கலங்கியது. தளபதி ஹால் மூரின் மனைவி ஜூலியா மூர் அந்த வீடுகளுக்குத் தானே போனார், அடக்கங்களில் கலந்துகொண்டார், மேலிடத்தில் சண்டையும் போட்டார். அதற்கு அப்புறம்தான் அதிகாரியும் பாதிரியாரும் நேரில் போய்ச் சொல்லும் முறை வந்தது.

ஊர் முழுக்கத் தெரிய வருவது உள்ளூர்ப் பத்திரிகை வழியாக. கார்ட்னர், செகுரா என்ற ஆய்வாளர்கள் இதைத்தான் அளந்தார்கள். தேசக் கணக்கைப் போலவே தன் வட்டாரத்தில் விழுந்த சாவும் ஒருவரின் கருத்தை மாற்றியது. 'லைஃப்' வார இதழ் 1969 ஜூன் 27 அன்று செய்ததும் அதே வேலைதான். ஒரே வாரத்தில் இறந்த 242 பேரில் பெரும்பாலோரின் படத்தை வரிசையாகப் போட்டார்கள். போர்க்களப் படங்கள் அல்ல, பெரும்பாலும் பள்ளிக்கூடப் படமும் சீருடைப் படமும். நாடு அதிர்ந்தது. இத்தனைக்கும் 1968இன் பல வாரங்கள் அதைவிட மோசமானவை.

சேலம் தம்பி: எம்16 துப்பாக்கி ஆரம்பத்தில் மக்கர் செய்ததே, அதனால் எத்தனை பேர்...

துப்பாக்கி எனக்குத் தெரியாது என்று மேலேயே சொன்னேன்.

குடந்தையான்: இளைஞர்கள் எதிர்த்தார்கள், பெரியவர்கள் ஆதரித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் உயிருக்குப் பயந்தார்கள், நாடு தோற்றது. இதை ஏன் நேராகச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

ஏனென்றால் அது தலைகீழ். காலப் கணக்கில் 30 வயதுக்குக் கீழே இருந்தவர்கள்தான் 50 தாண்டியவர்களைவிடப் போரை அதிகம் ஆதரித்தார்கள். பள்ளிப்படிப்போடு நின்றவர்களைவிடக் கல்லூரி படித்தவர்களிடம் ஆதரவு கூடுதல். நீங்கள் படத்தில் பார்க்கும் மாணவர் கூட்டம் உண்மை, ஆனால் அது ஒரு தலைமுறை முழுவதும் இல்லை. போர் தவறு என்று சொன்ன பலருக்கே அந்தக் கூட்டத்தைக் கண்டால் ஆகாது.

குடந்தையான்: அப்படியானால் அந்த 61 சதவீதம் யார்? சாவுக்குப் பயந்தவர்கள்தானே?

மறுபடியும் என் பழைய பாட்டுதான்: அந்த எண்ணுக்குள் யார் யார்? 'தவறு' என்றவர்களில் உடனே திரும்பி வா என்றவர்களும் உண்டு, இப்படி அரைகுறையாக அடிப்பதற்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்றவர்களும் உண்டு. 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் போர் எதிர்ப்பாளர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கி அதிபர் ஜான்சனை ஆட்டம் காண வைத்தார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் போரை இன்னும் கடுமையாக நடத்தச் சொன்னவர்கள் ஏராளம்!

வைகைக்கரை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஜெயிக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் மக்கள் எத்தனை சாவையும் தாங்குவார்கள் என்று ஒரு வாதம் இருக்கிறதே?

இருக்கிறது. ஃபீவர், கெல்பி, ரைஃப்லர் மூவரும் இராக் போர் சமயத்தில் சொன்னது. அதில் பாதியை ஏற்கிறேன். 1967 நவம்பரில் தளபதி வெஸ்ட்மோர்லாண்டை ஊருக்கு வரவழைத்து, முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று பேச வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து டெட் தாக்குதல், சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரி நுழைந்துவிட்டான். அந்தத் தாக்குதலில் எதிர்த்தரப்புக்குத்தான் பெரும் சேதம். அதனால் என்ன? நேற்று சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது. மியூலரின் சூத்திரம் இந்த இடத்தை விளக்காது.

மறுபாதிதான் ஆபத்து. 2005 நவம்பரில் வெள்ளை மாளிகை 'இராக் வெற்றிக்கான வியூகம்' என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. ஃபீவர் அப்போது அங்கே பணியில் இருந்தார். வெற்றி வெற்றி என்று சொன்னால் ஆதரவு நிற்கும் என்பது எண்ணம். நிற்கவில்லை.

குடந்தையான்: சோமாலியாவில் 1993இல் 18 பேர் செத்ததும் ஓடி வந்தார்களே, அது பயம் இல்லையா?

அந்தச் சண்டைக்கு முன்பே அங்கே இருப்பதற்கான ஆதரவு சரிந்துவிட்டது. பஞ்சத்துக்குச் சோறு போடப் போனவர்கள் ஏன் ஆயுதக் குழுத் தலைவனைத் துரத்துகிறார்கள் என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. தன் பிள்ளையை எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்பதைப் பயம் என்று சொல்லாதீர்கள். கோபம் வருகிறது, அடுத்தவருக்குப் போகிறேன்.

தேனி ஆசிரியர்: கறுப்பின வீரர்கள்தான் அதிகம் இறந்தார்கள் என்கிறார்களே?

எந்த ஆண்டு என்று கேளுங்கள். மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 11 சதவீதம். 1965, 66இல் தரைப்படையின் போர்ச் சாவுகளில் அவர்கள் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டியது. கடும் எதிர்ப்பு எழுந்த பிறகு குறைந்து, முழுப் போருக்குமான கணக்கில் 12 சொச்சம் சதவீதத்தில் நின்றது. இரண்டுமே உண்மை, ஒன்றை மட்டும் சொல்கிறவர் எதையோ மறைக்கிறார்.

பொன்னேரி: கொரியாவில் 54 ஆயிரம் பேர் என்று படித்தேன்...

அது அதே காலத்தில் உலகம் முழுக்க இறந்த அமெரிக்கப் படையினரைச் சேர்த்த எண். கொரியக் களத்தில் சுமார் 36,500. சொன்னேனா இல்லையா?

காரைக்குடி நண்பர்: வியட்நாமியர் சாவு அமெரிக்க மக்களை உறுத்தவில்லையா?

பலரை உறுத்தியது. ஆனால் பெரும்பான்மையைக் கேட்டால் சங்கடமான பதில்தான். அமெரிக்கச் சிப்பாய்கள் நடத்திய மை லாய் கிராமப் படுகொலைக்காக 1971இல் லெப்டினன்ட் கேலிக்குத் தண்டனை விதித்தபோது, தீர்ப்பு பிடிக்கவில்லை என்றவர்கள் 79 சதவீதம். அவரைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்ற எண்ணமும் அதில் உண்டு. வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கில் தங்கள் தரப்புப் போராளிகள் 11 லட்சம், இரு பகுதியிலும் பொதுமக்கள் 20 லட்சம் பேர். தென் வியட்நாம் ராணுவத்தில் இறந்தவர்கள் இதில் சேராது.

புதுகை இளங்கோ: நம் அமைதிப்படை?

1987 முதல் 90 வரை இலங்கையில் இந்தியப் படையினர் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். அன்றைய அமெரிக்காவில் இருந்த மாதிரி கட்டாய ராணுவச் சேவை இங்கே இல்லை, காலப் மாதிரி தொடர் கணிப்பும் இல்லை. அதனால் மேலே சொன்ன கோடு எதையும் இங்கே வரைய முடியாது. தமிழ்நாட்டின் மனநிலையே வேறு. அந்தப் படையின் கையில் ஈழத்தமிழர் பட்ட பாடுதான் இங்கே பெரிய செய்தி. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னை வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். யாழ்ப்பாணத்தில் அப்போது இருந்தவர்களிடம் கேளுங்கள்.

ஓசூர் குமரன்: அமெரிக்காவில் சவப்பெட்டிகளைப் படம் எடுக்கத் தடை இருந்ததாமே?

1991 முதல் 2009 வரை. இறந்த படையினரின் உடல்கள் வந்து சேரும் டோவர் விமானத் தளத்தில் இறங்கும் பெட்டிகளைப் பத்திரிகைகள் படம் எடுக்க முடியாமல் இருந்தது. ஒபாமா காலத்தில்தான் குடும்பம் சம்மதித்தால் எடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். இராக் போருக்கான ஆதரவு இந்தத் தடை இருந்த ஆண்டுகளில்தான் சரிந்தது. படம் வராவிட்டால் மக்களுக்குத் தெரியாது என்று நினைத்த அதிகாரிகளுக்கு இது பதில்.

விழுப்புரம் செல்வன்: ஐயா, வியட்நாமில் அமெரிக்கா தோற்றதற்கு டிவிதானே காரணம்?

ஊட்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கொரியா என்று தொடங்கும் இடம்.