விசுவாசமும் புள்ளியியலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டாள். தரவு அறிவியலும் புள்ளியியலும் சேர்ந்த பட்டப்படிப்புக்கு ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் விசுவாசக் குடும்பம்தான். ஆனாலும் உறவினர்கள், "கணக்குப் படிக்க வேதபாடம் எதற்கு, அந்த நேரத்தில் இன்னொரு நிரல்மொழியைக் கற்கலாமே" என்கிறார்கள். என் கணவரின் கவலை நேர்மாறானது. எதை எடுத்தாலும் தற்செயலா என்று கேட்கும் படிப்பு அவளுடைய விசுவாசத்தைக் கரைத்துவிடுமோ என்று அஞ்சுகிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துறையை வளர்த்தவர்களில் போதகர்கள் குறைவல்லர். இன்று இயந்திரக் கற்றல் வகுப்புகளில் நாள்தோறும் உச்சரிக்கப்படும், புதிய சான்று கிடைக்கும்போது நிகழ்தகவைத் திருத்திக்கொள்ள வழிசொல்லும் பேயஸ் தேற்றத்துக்குரிய தாமஸ் பேயஸ், பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். 1761இல் அவர் இறந்தபின் அந்தக் கட்டுரையைத் தேடியெடுத்து 1763இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய ரிச்சர்ட் பிரைஸும் போதகரே. 1740களில் ஸ்காட்லாந்தில் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரு போதகர்கள், இறந்துபோகும் போதகர்களின் மனைவி மக்களுக்காக ஒரு நிதியை ஏற்படுத்த முனைந்தபோது, ஆண்டுக்கு எத்தனை போதகர்கள் இறக்கிறார்கள், எத்தனை விதவைகள் மிஞ்சுகிறார்கள் என்ற விவரத்தைச் சபைகளிலிருந்து திரட்டிக் கணக்கிட்டார்கள். ஆயுள் காப்பீட்டுக் கணிதத்தின் தொடக்கங்களில் ஒன்று அது. இவர்களில் யாருக்கும் எண்களால் விசுவாசம் போனதாகத் தெரியவில்லை.

எனக்கிருக்கும் அச்சம் மறுபக்கத்தது. விசுவாசம் கணக்கை அவசரப்படுத்திவிடலாம். இதற்கு ஜான் அர்பத்நாட்டைவிட நல்ல சான்று இல்லை. இங்கிலாந்தின் ஆன் அரசிக்கு மருத்துவராக இருந்த அவர், 1629 முதல் 1710 வரை லண்டனில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். 82 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் ஆண் குழந்தைகளே அதிகம். ஆணும் பெண்ணும் பிறக்கச் சம வாய்ப்பு என்றால், ஓர் ஆண்டில் ஆண்கள் மிகுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ அரை. 82 ஆண்டுகளும் தொடர்ந்து அப்படியே நிகழ வேண்டுமென்றால் அரையை 82 முறை பெருக்க வேண்டும். வருகிற விடை பூஜ்ஜியம் என்றே சொல்லத்தக்க அளவுக்குச் சிறியது. ஆகவே இது தற்செயலன்று, தெய்வச் செயலே என்று முடித்தார். ஓர் ஊகத்தைத் தரவோடு ஒப்பிட்டு மறுக்கலாமா என்று பார்க்கும் கருதுகோள் சோதனையின் முதல் எடுத்துக்காட்டாகப் புள்ளியியல் வரலாற்றில் இன்றும் சுட்டப்படுவது இந்தக் கட்டுரைதான்.

பெருக்கலில் பிழையில்லை. ஆனால் நிக்கோலஸ் பெர்னூலி என்ற கணித அறிஞர் எளிய மறுப்பு ஒன்றைச் சொன்னார். 35 முகங்கள் கொண்ட ஒரு பகடையில் 18 முகங்கள் ஆணுக்கும் 17 பெண்ணுக்கும் என்று வைத்துக்கொண்டு உருட்டினால் இதே கணக்கு வந்துவிடும். அர்பத்நாட் உண்மையில் மறுத்தது சம வாய்ப்பு என்ற ஒரே ஒரு கருதுகோளை மட்டுமே. தாம் விரும்பிய முடிவை அவர் நிறுவவில்லை. அந்தப் பகடையைச் செய்தவர் கடவுளா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அதைத் தீர்க்கும் ஆற்றல் இந்தச் சோதனைக்கு இல்லை. உங்கள் கணவரின் கவலைக்கும் இதுவே என் பதில். இன்னொன்றும் உண்டு. அவர் எண்ணியது பிறப்புகளை அல்ல, ஞானஸ்நானங்களை. அரசு சார்ந்த திருச்சபைக்கு வெளியே இருந்தவர்களின் குழந்தைகள் அந்தப் பதிவேட்டில் பெரும்பாலும் இல்லை. யார் விடுபட்டார்கள் என்று கேட்காமல் தொடங்கிய கணக்கு அது.

உறவினர்களின் கேள்விக்கு வருகிறேன். வேதபாடம் ஒரு சடங்காக நடந்தால் அவர்கள் சொல்வதே சரி. நல்ல ஆசிரியர் கையில் கிடைத்தால் அதே பாடம் தரவு வகுப்பாகவே ஆகிவிடும். வேதாகமத்தின் எண்ணாகம நூலில் முதல் அதிகாரத்தில் வரும் 603550 பேர் என்பது இஸ்ரவேலின் மக்கள்தொகை அன்று. இருபது வயதுக்கு மேற்பட்ட, போருக்குப் போகத்தக்க ஆண்கள் மட்டுமே. ஆலயப் பணிக்குரிய லேவி கோத்திரத்தார் அதில் சேர்க்கப்படவில்லை. தாவீது அரசர் எடுத்த கணக்கு இன்னும் சுவையானது. இரண்டாம் சாமுவேல் இஸ்ரவேலுக்கு எட்டு லட்சம், யூதாவுக்கு ஐந்து லட்சம் என்கிறது. முதலாம் நாளாகமம் பதினொரு லட்சம் என்றும் நான்கு லட்சத்து எழுபதாயிரம் என்றும் சொல்லி, லேவி, பென்யமீன் கோத்திரங்களைத் தளபதி யோவாப் எண்ணவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறது. இரு மூலங்கள், இரு வரையறைகள், விடுபட்ட இரு கோத்திரங்கள்! இந்த முரணை மாணவர் முன் துணிந்து வைக்கும் கல்லூரியை நான் நம்புவேன். மழுப்பித் தாண்டிப் போகிற கல்லூரியில் தரவைத் துப்புரவு செய்யும் பாடமும் அப்படித்தான் நடக்கும்.

வேலைக்குப் போனபின் இதே கேள்வி வேறு உருவில் வரும். 2019இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க மருத்துவமனைகளில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கணிக்கப் பயன்பட்ட ஒரு நிரலை ஆராய்ந்தது. நோயின் கடுமையை நேரடியாக அளக்காமல், நோயாளிக்கு ஆகப்போகும் மருத்துவச் செலவை அது கணித்தது. கறுப்பினத்தவர் அதே அளவு நோயுற்றிருந்தும் அவர்களுக்காகக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், நிரல் அவர்களை நலமாக இருப்பவர்களாக எடுத்துக்கொண்டது. இதைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிரலில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. எதைக் கணிப்பது என்று முடிவெடுத்த இடத்திலேயே தவறு நேர்ந்துவிட்டது. "எனக்குப் பிறன் யார்?" என்ற சுவிசேஷக் கேள்வியோடு வளர்ந்த ஒரு மாணவி அந்த மேசையில் இருந்தால் உதவும் என்று நினைக்கிறேன். ஆனால் மனம் மட்டும் போதாது, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கணிக்கும் பின்னடைவுப் பகுப்பாய்வும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்தியைக் காட்டிக் கணிதத்தில் சலுகை கேட்கும் துறை எதற்கும் ஆகாது.

ஆகவே பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, அனுமானம், மாதிரி எடுத்தல், சோதனை வடிவமைப்பு ஆகியவை முழுத் தாள்களாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பைத்தான், ஆர் (R) என்ற நிரல்மொழிகள் மட்டும் பளபளப்பாக இருந்து இவை இல்லையென்றால், கல்லூரி எந்தச் சமயத்தைச் சார்ந்திருந்தாலும் வேண்டாம். நிரல்மொழியை வீட்டிலிருந்தே கற்கலாம். மாதிரி எடுத்தலைத் தானாகக் கற்றவர்கள் அரிது.

பிறகு துறைத்தலைவரைச் சந்தித்து, வேலைவாய்ப்பு விழுக்காடு என்று விளம்பரத்தில் போட்டிருப்பது எத்தனை பேரால் வகுத்து வந்தது, அதாவது அதன் பகுதி எண் எது என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். படிப்பில் சேர்ந்த எல்லோருமா, முடித்தவர்களா, வேலைக்குப் பதிவு செய்தவர்கள் மட்டுமா, இடையில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று அவள் கேட்கட்டும். தயங்காமல் கணக்கை எடுத்துக்காட்டினால் சேர்த்துவிடுங்கள்.