மருத்துவ உதவியாளர் கிளினிக்கை வாங்கலாமா?

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் பெற்ற மருத்துவ உதவியாளர் (ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்). என்னை மேற்பார்வை செய்யும் மருத்துவர் ஓய்வு பெறப்போகிறார். அவருடைய கிளினிக்கை நானே முழுவதுமாக வாங்கிக்கொள்ளலாமா? மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) பணம்கூட இப்போது நேரடியாக எங்களுக்கே வருகிறதே?

பதில்: கிளினிக் மருத்துவ கார்ப்பரேஷனாக (மருத்துவத் தொழில் நடத்தும் பங்கு நிறுவனமாக) பதிவாகியிருந்தால், முழுவதுமாக வாங்க முடியாது.

மெடிகேரைச் சொல்லித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2022 ஜனவரி 1 முதல் அந்தப் பணம் உங்களுக்கே நேரடியாக வரலாம் என்பது உண்மை. ஆனால் அது மத்திய அரசின் பட்டுவாடா விதி மட்டுமே. கிளினிக் யாருக்குச் சொந்தமாகலாம் என்பதை மாநிலம்தான் சொல்லும். கலிஃபோர்னியாவில் அதற்கு நிறுவனச் சட்டத்தின் 13401.5-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும்.

அதன்படி மருத்துவர் அல்லாத லைசென்ஸ்தாரர்கள் எல்லோருக்கும் சேர்த்து 49 சதவீதப் பங்குகள்தான். செவிலியர் ஒருவர் பங்குதாரராகச் சேர்ந்தால் அவருடைய பங்கும் இதற்குள் அடக்கம். இந்த வரம்பு பலருக்குத் தெரியும், அடுத்ததைத்தான் கோட்டைவிடுகிறார்கள். மருத்துவர் அல்லாத பங்குதாரர்களின் எண்ணிக்கை மருத்துவர்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. ஒரு மருத்துவர் 51 சதவீதம் வைத்துக்கொண்டு, இரண்டு உதவியாளர்கள் ஆளுக்கு 24.5 சதவீதம் எடுத்தால், கணக்கு சரியாக இருந்தும் சட்டப்படி செல்லாது.

ஆகவே பெரும்பங்கை ஏற்க வேறொரு மருத்துவர் வேண்டும். பெயரை மட்டும் மாத வாடகைக்குத் தரும் மருத்துவரைத் தேடாதீர்கள். விசாரணை வந்தால் இருவருடைய லைசென்ஸும் ஆபத்தில் சிக்கும். கட்டடம், கருவிகள், பில்லிங் ஆகியவற்றை மட்டும் கவனிக்கும் நிர்வாக நிறுவனத்தை உங்கள் பெயரில் தொடங்கி, நியாயமான சந்தைக் கட்டணம் வாங்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்ப்பது, எந்த மருத்துவரை வேலைக்கு எடுப்பது என்பதிலெல்லாம் அந்த நிறுவனம் தலையிடக் கூடாது.

டெக்சாஸுக்கு மாறலாம் என்று நினைத்தால், அங்கே கெடுபிடி இன்னும் அதிகம். சிறுபான்மைப் பங்குதான் கிடைக்கும். நிர்வாகமும் மருத்துவர் கையில்தான் இருக்கும்.

ஒப்பந்தம் எழுதும்போது ஒரு ஷரத்தை விட்டுவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில், பங்குதாரரான மருத்துவர் இறந்துவிட்டால் அவருடைய பங்குகள் ஆறு மாதத்துக்குள் தகுதியுள்ள ஒருவருக்கு மாற்றப்பட வேண்டும்; லைசென்ஸ் பறிபோனால் அவகாசம் 90 நாட்கள்தான். அந்தப் பங்குகளை யார், என்ன விலைக்கு வாங்குவது என்பதைக் கையெழுத்திடும் முன்பே தீர்மானித்து எழுதிக்கொள்ளுங்கள்.