பழைய வாப் தளத்தை மறுபடி ஓடவைப்பது எப்படி?

கேள்வி: 2001-ல் நாங்கள் நடத்திய ரயில் நேர வாப் சேவையின் (வாப் என்பது அந்தக் காலச் சிறிய போன்களில் இணையப் பக்கங்களைக் காட்டிய முறை) கோப்புகள் ஒரு சிடியில் கிடைத்தன. எல்லாம் டபிள்யூஎம்எல் (வாப் பக்கங்களை எழுதும் மொழி), டபிள்யூபிஎம்பி (வாப் படங்களின் வடிவம்) கோப்புகள். இன்றைய பிரவுசரில் போட்டால் டவுன்லோட் ஆகிறது, இல்லாவிட்டால் வெறும் நிரல் வரிகளாகத் தெரிகிறது. மாணவர்களுக்கு ஓடவிட்டுக் காட்ட வேண்டும். அதே முறையில் அவர்களே இரண்டு பக்கம் எழுதிப் பார்க்கவும் வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் சிடியை அப்படியே நகலெடுத்து ஒதுக்கி வையுங்கள். திருத்தமெல்லாம் நகலில்தான்.

பார்ப்பதற்கு எளிய வழி ஓபரா 12. அதற்கு டபிள்யூஎம்எல் தெரியும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய பிரவுசர் என்பதால், இணையம் துண்டித்த கணினியில் மட்டும் வையுங்கள். கோப்புகளை அதே கணினியில் ஓடும் லோக்கல் சர்வரில் ஏற்றி, டபிள்யூஎம்எல் கோப்புக்கும் டபிள்யூபிஎம்பி படத்துக்கும் உரிய மைம் வகைகளை (இது எந்த வகைக் கோப்பு என்று சர்வர் சொல்லி அனுப்பும் குறிப்பு) சர்வர் அமைப்பில் சேருங்கள். அந்தக் காலத்திலேயே பலரைத் தடுக்கி விழவைத்த இடம் இதுதான். பக்கம் சரியாகவே இருக்கும்; சர்வர் அதைச் சாதாரண உரை என்று சொல்லி அனுப்பியதால் போன் ஏற்க மறுத்துவிடும்.

சரி, எழுதும் முறைக்கு வருவோம். ஒரு கோப்பு ஒரு டெக். அதற்குள் பல கார்டுகள். ஒரு நேரத்தில் ஒரு கார்டுதான் திரையில் வரும். டெக் முழுவதும் ஒரே தடவையில் இறங்கிவிடுவதால் கார்டுக்குக் கார்டு தாவக் காத்திருக்க வேண்டாம். அடுத்த டெக்குக்குப் போகும்போதுதான் மறுபடி காத்திருப்பு. 9.6 கிலோபிட் வேகத்தில், டயல் செய்து, பேசும் அழைப்பைப் போல நிமிடக் கணக்கில் காசு கொடுத்த இணைப்பு அது. ஆகவே பயனர் அடுத்து எதைக் கேட்பார் என்று முன்கூட்டியே யோசித்து, அந்தக் கார்டுகளை ஒரே டெக்கில் கட்டுவதுதான் திறமை.

கட்டுவதற்கும் ஒரு எல்லை உண்டு. நீங்கள் எழுதிய உரை அப்படியே போனுக்குப் போகாது. சர்வருக்கும் போனுக்கும் நடுவில் இருக்கும் வாப் கேட்வே என்ற இடைக் கணினி அதை பைனரியாகச் சுருக்கி அனுப்பும். 1999-ல் வந்த நோக்கியா 7110 போன்ற போன்களில் அந்தச் சுருங்கிய டெக் சுமார் 1,400 பைட்டைத் தாண்டக் கூடாது. சுருக்கும்போது டேக்கின் (< > குறிகளுக்குள் எழுதும் கட்டளையின்) பெயர் ஒரு பைட்டாகிவிடும். நீங்கள் எழுதும் வாக்கியம் அப்படிச் சுருங்காது. அதனால் வெட்ட வேண்டியது உள்ளடக்கத்தைத்தான். "எங்கள் ரயில் நேர சேவைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்ற வரியைத் தூக்கிவிட்டு முதல் கார்டிலேயே ஊர்ப் பட்டியலைக் கொடுங்கள். மாணவர்கள் கற்க வேண்டிய முக்கியப் பாடம் இது என்பேன். மார்க்கப்பை ஒரே நாளில் கற்கலாம்; எதை விடுவது என்று பழகத்தான் நாளாகும்.

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். எண் விசைகளில் 'எஸ்' என்ற ஒரு ஆங்கில எழுத்துக்கு 7-ஐ நான்கு முறை அழுத்த வேண்டும். தேர்வுப் பட்டியல் போதும். ரயில் எண் போல எண் மட்டும் வரும் கட்டங்களில் உள்ளீட்டு வடிவத்தை எண்ணுக்கு மட்டும் என்று குறித்துவிடுங்கள்.

படங்களில் கஞ்சத்தனம் நல்லது. 7110-இன் திரை 96-க்கு 65 புள்ளி. கறுப்பு வெள்ளை டபிள்யூபிஎம்பி படம் திரை முழுவதையும் நிரப்பினால் 784 பைட். அதையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு லோகோவுக்காக அவ்வளவு காக்கவைக்கத் தேவையில்லை.

கோப்பு ஓடாவிட்டால் முதலில் இரண்டைப் பாருங்கள். டபிள்யூஎம்எல் என்பது எக்ஸ்எம்எல், அதாவது எழுதும் விதிகளில் கண்டிப்பான மொழி. மூடாத ஒரு டேக் போதும், டெக் முழுவதும் விழும். அடுத்தது விலை எழுதும் இடம். டாலர் குறி மாறியின் (ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயரின்) தொடக்கம் என்று கொள்ளப்படும், அதனால் டாலரைக் காட்ட $$ என்று இரண்டு முறை எழுத வேண்டும். அப்புறம், பின்செல்லும் கட்டளையை ஒவ்வொரு கார்டிலும் நீங்களே வையுங்கள். பல போன்கள் அதைத் தாமாகத் தராது. ஒரே கட்டளை நோக்கியாவில் மெனுவுக்குள் போகும், ஓபன்வேவ் நிறுவனத்தின் போன் பிரவுசரில் திரைக்குக் கீழுள்ள விசையில் வந்து உட்காரும். ஒன்றில் மட்டும் சோதித்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

ஒப்பிட்டுக் காட்ட ஜப்பானின் ஐ-மோடு என்ற மொபைல் இணைய சேவை நல்ல உதாரணம். என்டிடி டோகோமோ என்ற போன் நிறுவனம் அதை 1999 பிப்ரவரியில் தொடங்கியது. சுருக்கப்பட்ட எச்டிஎம்எல்லில் எழுதினால் போதும், நேரத்துக்கு அல்லாமல் தரவின் அளவுக்குத்தான் கட்டணம். தளத்தின் சந்தாவை டோகோமோவே போன் பில்லில் வசூலித்து, 9 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைத் தளக்காரருக்குக் கொடுத்தது. எழுதுபவருக்கு வருமானம் வந்ததால் எழுத ஆளும் வந்தது.

எல்லோரும் பார்க்கும்படி ஒரு பிரதி வேண்டுமென்றால், வாப் 2.0-உடன் வந்த எக்ஸ்எச்டிஎம்எல் மொபைல் புரொஃபைல் என்ற பக்க மொழியில் மாற்றி எழுதுங்கள். இன்றைய பிரவுசர்களும் திறக்கும்.

உண்மையான போனில் காட்ட ஆசையா? ஜிபிஆர்எஸ் (டயல் செய்யாமல் 2ஜி-யில் தரவு அனுப்பும் வசதி) உள்ள போனும் உங்கள் பகுதியில் 2ஜி சிக்னலும் இருந்தால், கானெல் என்ற ஓப்பன் சோர்ஸ் கேட்வேயை நிறுவி அதன் முகவரியைப் போனில் கொடுத்துப் பாருங்கள். 7110-இல் ஜிபிஆர்எஸ் கிடையாது. அதற்குத் தேவையான டயல் இணைப்பு இன்று பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்துத் திரையில் பக்கங்களை ஓடவிடுவதே நடக்கக்கூடிய வழி.